கடனுக்கு ஈடாக ஒரு விசாரணை: அர்ஜென்டினா ராணுவ ஆட்சியும் உலக நாடுகளும், 1976–1983

ஒரு நாட்டின் ராணுவம் சொந்த மக்களையே கொன்று குவிக்கும்போது வெளிநாடுகளால் என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேட அர்ஜென்டினாவைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே ஆட்சி செய்த தளபதிகள் பின்னாளில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் நீதிமன்றத்தில் வாய் திறந்தார்கள். அமெரிக்க அரசின் ரகசியக் கோப்புகளும் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. அதனால் மூடிய அறையில் எந்த அமைச்சர் என்ன பேசினார், அதே நாட்களில் வதைக்கூடங்களில் என்ன நடந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அப்படிப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான். பொதுவான கண்டனங்களை அந்த ஆட்சி ஏழு வருடமும் பொருட்படுத்தவே இல்லை. அதற்கு வேண்டிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்குத் திட்டவட்டமாக ஒன்றைக் கேட்டபோது மட்டும் அது இறங்கி வந்தது. அப்படிக் கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் பெரும்பாலானோர் செத்த பிறகு.

ஆளே இல்லை என்றால் கேள்வியும் இல்லை

1976 மார்ச் 24 அன்று இசபெல் பெரோனின் அரசைக் கவிழ்த்து முப்படைத் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். தரைப்படைக்கு ஹோர்ஹே ரஃபேல் விடேலா, கடற்படைக்கு எமிலியோ மசேரா, விமானப்படைக்கு ஓர்லாண்டோ அகோஸ்டி. ஆயுதக் குழுக்களை ஒடுக்குகிறோம் என்றார்கள். தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், பாதிரியார்கள் என்று வலை விரிந்துகொண்டே போனது.

பக்கத்து நாடான சிலியில் 1973இல் பினோசே ஆட்சியைப் பிடித்தபோது, கைதிகளை விளையாட்டரங்கத்தில் அடைத்ததை உலகமே படத்தில் பார்த்தது, கண்டனம் குவிந்தது. அர்ஜென்டினாத் தளபதிகள் வேறு வழியை எடுத்தார்கள். எண்பலகை இல்லாத ஃபோர்டு ஃபால்கன் கார் இரவில் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆளைத் தூக்கிப் போவார்கள். காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்கள். ஆட்கொணர்வு மனு போட்டால் நீதிமன்றத்திலும் அதே பதில். நாடு முழுக்க சுமார் 340 ரகசியத் தடுப்பு இடங்கள் இருந்ததாக, ராணுவ ஆட்சி போன பிறகு அரசு அமைத்த விசாரணைக் குழு 1984இல் கண்டறிந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களில் 8,961 பேரை அந்தக் குழு பட்டியலிட்டது. மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர் என்கின்றன. தலைநகர் புவனஸ் அயர்ஸில் இருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளிதான் அந்த இடங்களில் மிகக் கொடியது. எஸ்மா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அங்கே கொண்டுபோகப்பட்ட சுமார் 5,000 பேரில் பிழைத்தவர்கள் சில நூறு பேர்தான். பலரை மயக்க ஊசி போட்டு விமானத்தில் ஏற்றி உயிரோடு ஆற்றிலும் கடலிலும் தள்ளினார்கள்.

இந்த முறை வெளிநாட்டு அழுத்தத்துக்கு எதிரான கவசமாகவும் வேலை செய்தது. ஆள் சிறையில் இருந்தால் தூதர் போய்ப் பார்க்கலாம், வழக்கு என்ன என்று கேட்கலாம். ஆளே இல்லை என்று சொல்லிவிட்டால் தூதர் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்? "எங்களுக்கும் தெரியாது, வெளிநாட்டுக்கு ஓடிப்போயிருப்பார்" என்ற ஒரே வரியில் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதிவிடலாம்.

முதல் பதில்: சீக்கிரம் முடியுங்கள்

ஆட்சி மாறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1976 ஜூன் 10 அன்று சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சரும் அர்ஜென்டினா வெளியுறவு அமைச்சர் செசார் குசெட்டியும் சந்தித்தார்கள். அந்தப் பேச்சின் குறிப்பு பிற்பாடு வெளியானது. செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் சீக்கிரம் செய்து முடியுங்கள், ஆனால் சீக்கிரமே வழக்கமான நடைமுறைக்குத் திரும்பிவிடுங்கள் என்று கிசிஞ்சர் சொல்லியிருக்கிறார். அக்டோபரில் நியூயார்க்கில் மறுபடி சந்தித்தபோதும் அதே தொனிதான்: நீங்கள் வெற்றி பெற வேண்டும் என்றே விரும்புகிறோம், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது.

இதில் கவனிக்க வேண்டியவர் ராபர்ட் ஹில். புவனஸ் அயர்ஸில் அமெரிக்கத் தூதர், பழமைவாதி, ஆட்சிக் கவிழ்ப்பை ஆரம்பத்தில் பெரிதாக எதிர்த்தவரும் இல்லை. ஆனால் கொலைகள் குவியக் குவிய, அர்ஜென்டினா அமைச்சர்களிடம் நேரில் போய் எச்சரித்துக்கொண்டிருந்தார். குசெட்டி அமெரிக்காவில் கடுமையான பேச்சை எதிர்பார்த்துப் போனார், துள்ளிக் குதிக்காத குறையாகத் திரும்பி வந்திருக்கிறார் என்று ஹில் தன் தலைமையகத்துக்குத் தந்தி அனுப்பினார். அதற்கு மேல் தூதர் எத்தனை தடவை போய் எச்சரித்தாலும் யார் காதில் ஏறும்? எஜமானரே தட்டிக் கொடுத்துவிட்டாரே.

காணாமல் ஆக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் 1976, 1977 இந்த இரண்டு வருடங்களில் பிடிபட்டவர்கள். அதனால்தான் அந்த ஜூன் சந்திப்பை ஏதோ ஒரு பழைய ராஜதந்திரத் தவறு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. தடுக்கக்கூடிய சக்தி ஒருவரிடமாவது இருந்திருந்தால் அது கிசிஞ்சரிடம்தான் இருந்தது. அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டிய நேரமும் அதுதான்.

தங்கள் குடிமக்களுக்காகக் கேட்டவர்கள், கேட்காதவர்கள்

ஐரோப்பிய நாடுகளுக்கு நேரடியான காரணம் இருந்தது. அர்ஜென்டினாவில் பாதிக்கப்பட்டவர்களில் அவர்கள் குடிமக்களும் இருந்தார்கள்.

ஸ்வீடன் குடியுரிமை கொண்ட டாக்மர் ஹாகெலின் என்ற 17 வயதுப் பெண்ணை 1977 ஜனவரியில் கடற்படையினர் சுட்டுத் தூக்கிப் போனார்கள். ஸ்வீடன் அரசு விடாமல் கேட்டது, வருடக்கணக்கில் கேட்டது. பெண் திரும்பவில்லை. பிரான்ஸின் கன்னியாஸ்திரிகள் அலிஸ் டோமோன், லியோனி டூக்கே இருவரும் 1977 டிசம்பரில் கடத்தப்பட்டார்கள். அவர்களோடு, பிளாசா டி மாயோ சதுக்கத்தில் பிள்ளைகளைத் தேடிக் கூடிய அன்னையர் அமைப்பின் முன்னோடி அசுசேனா விலாஃப்ளோரும் இன்னும் சிலரும். அன்னையரோடு அண்ணனைத் தேடும் தம்பி வேடத்தில் பழகிக் காட்டிக்கொடுத்தவன் ஆல்ஃபிரெடோ அஸ்திஸ் என்ற கடற்படை அதிகாரி. பிரான்ஸ் கொதித்தது, 1990இல் பாரிஸ் நீதிமன்றம் அஸ்திஸை ஆள் இல்லாமலே விசாரித்து ஆயுள் தண்டனை விதித்தது. கன்னியாஸ்திரிகளை அதனால் காப்பாற்ற முடியவில்லை.

மேற்கு ஜெர்மனியின் கதை மனதை இன்னும் வருத்தும். எலிசபெத் கேஸெமான் என்ற ஜெர்மன் பெண் 1977 மார்ச்சில் பிடிபட்டார். மே 24 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இடையில் இரண்டு மாத அவகாசம் இருந்தது. பான் நகரிலிருந்த மேற்கு ஜெர்மனி அரசு மென்மையான விசாரிப்புகளோடு நின்றுகொண்டது. அர்ஜென்டினாவோடு ஆயுத வியாபாரமும் அணுசக்தி வியாபாரமும் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் கொல்லப்பட்டுப் பன்னிரண்டாவது நாள், ஜூன் 5 அன்று, மேற்கு ஜெர்மனிக் கால்பந்து அணி புவனஸ் அயர்ஸில் நட்புறவு ஆட்டம் ஆடியது.

இத்தாலியத் தூதரகம் அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்குக் கதவைச் சாத்தியது. அங்கே துணைத்தூதராக இருந்த இளைஞர் என்ரிகோ கலமாய் மட்டும் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட கடவுச்சீட்டு, பயணப் பத்திரம் என்று எழுதிக் கொடுத்து நூற்றுக்கணக்கானவர்களை வெளியே அனுப்பினார். ரோமிலிருந்து அப்படி எந்த உத்தரவும் அவருக்கு வரவில்லை.

சோவியத் யூனியன் என்ன செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. இடதுசாரிகளை வேட்டையாடிய ஆட்சி அல்லவா! ஆனால் மாஸ்கோவுக்கு கோதுமையும் சோளமும் தேவைப்பட்டது. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பதிலடியாக 1980 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் தானியத் தடை விதித்தபோது அர்ஜென்டினா அதில் சேர மறுத்து சோவியத்துக்கே கொட்டி விற்றது. ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையத்தில் அர்ஜென்டினாவின் பெயர் வரும்போதெல்லாம் சோவியத் அணி அதைத் தடுத்துக் கொடுத்தது. வாஷிங்டனின் கம்யூனிச எதிர்ப்பும் மாஸ்கோவின் தானியத் தேவையும் ஒரே ஆட்சிக்குக் குடை பிடித்த காலம் அது.

தூதரகத்தில் ஒரு மேசை

1977 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் பதவிக்கு வந்ததும் காற்று திசை மாறியது. ராணுவ உதவி குறைக்கப்பட்டது. அவமானம் என்று சொல்லி அர்ஜென்டினா மிச்சத்தையும் வேண்டாம் என்றது. வெளியுறவுத் துறையில் மனித உரிமைப் பொறுப்புக்கு வந்த பட்ரீசியா டெரியன் அந்த வருடமே அர்ஜென்டினாவுக்குப் போனார். ஆகஸ்டில் மசேராவை அவர் சந்தித்த இடம் எஸ்மா வளாகம். இந்தக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறேன், நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழ்த்தளத்தில் யாரையாவது வதைத்துக்கொண்டிருக்கலாம் என்று நேருக்கு நேர் சொன்னார். மசேரா சிரித்தபடி கை கழுவுவதுபோலச் சைகை காட்டி, இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவிய பிலாத்துவின் கதை தெரியுமல்லவா என்று கேட்டாராம். 1985 வழக்கில் டெரியன் இதைச் சாட்சியமாகவே சொன்னார்.

ஆனால் வேலை நடந்தது அந்த மாதிரிச் சந்திப்புகளில் இல்லை என்பது என் எண்ணம். 1977இல் அமெரிக்கத் தூதரகத்துக்கு அரசியல் அதிகாரியாக வந்த டெக்ஸ் ஹாரிஸ் ஒரு காரியம் செய்தார். பிளாசா டி மாயோவுக்குப் போய் அன்னையரிடம் தன் முகவரி அட்டையைக் கொடுத்து, தூதரகத்துக்கு வாருங்கள் என்றார். பிற்பகல்களில் தூதரகக் கதவு அவர்களுக்குத் திறந்தது. வந்தவர்கள் சொல்லச் சொல்ல, பெயர், வயது, தூக்கிப் போன தேதி, இடம், எந்த மாதிரி ஆட்கள் வந்தார்கள், எந்த வண்டி என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையில் பதிவானது. மொத்தம் 13,500 புகார்கள் சேர்ந்தன.

இந்த அட்டைகள்தான் நான் மேலே சொன்ன கவசத்தை உடைத்தன. அரசு ஆளே இல்லை என்கிறது. இங்கே பெயரும் தேதியும் தெருவும் இருக்கிறது. ஒரே முகாமின் பெயர் இருபது குடும்பங்களின் வாயிலிருந்து தனித்தனியாக வரும்போது அதை வதந்தி என்று தள்ள முடியாது. 1977 நவம்பரில் வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் புவனஸ் அயர்ஸ் போனபோது, காணாமல் போனவர்கள், அடைபட்டவர்கள் என ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியல் கையளிக்கப்பட்டது. தூதரகத்துக்குள்ளேயே ஹாரிஸுக்கு எதிர்ப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உறவு கெடுகிறது, வியாபாரம் கெடுகிறது என்றார்கள். அவருடைய பணி மதிப்பீட்டிலும் கைவைத்தார்கள். அமெரிக்க அரசு அவருக்கு உயர் விருது கொடுத்தது 1993இல்.

டர்பைன்களும் ரோம் சந்திப்பும்

யாசிரெட்டா நீர்மின் திட்டத்துக்கு டர்பைன் விற்க அல்லிஸ்-சால்மர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தயாராக இருந்தது. அதற்கு அமெரிக்க அரசின் ஏற்றுமதி–இறக்குமதி வங்கியிலிருந்து சுமார் 27 கோடி டாலர் கடன் வேண்டும். அர்ஜென்டினாவில் அந்த நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த கம்பெனி கடற்படையின் கைக்குள் இருப்பது என்று ஹாரிஸ் துப்புத் துலக்கினார். இதை அதிகாரபூர்வத் தந்தியாக அனுப்ப மேலிடம் விடவில்லை, கடிதமாக அனுப்பினார். 1978 ஜூலையில் கடன் மறுக்கப்பட்டது. அமெரிக்கத் தொழிலதிபர்கள் சத்தம் போட்டார்கள், வேலை போகிறது என்றார்கள். அர்ஜென்டினாத் தளபதிகளுக்கோ இது இரட்டை அடி, ஏனென்றால் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த ஹம்ஃப்ரி–கென்னடி சட்டத் திருத்தத்தின்படி அக்டோபர் முதல் ராணுவ விற்பனையும் நிற்கப்போகிறது.

செப்டம்பர் தொடக்கத்தில் முதலாம் ஜான் பால் போப்பாகப் பதவியேற்ற நிகழ்ச்சிக்கு விடேலா ரோமுக்கு வந்திருந்தார். அமெரிக்கத் துணை அதிபர் வால்டர் மொண்டேலும் வந்திருந்தார். இருவரும் சந்தித்தார்கள். மனித உரிமை பற்றிய சொற்பொழிவு எதுவும் அங்கே நடக்கவில்லை. அமெரிக்கக் கண்ட நாடுகளின் மனித உரிமை ஆணையத்தை நீங்கள் உள்ளே விடுங்கள், கடனை நாங்கள் விடுகிறோம். பேரம் அவ்வளவுதான். மாத இறுதிக்குள் கடன் தடை நீங்கியது. அக்டோபரில் ஆணையத்துக்கு அழைப்பு போனது.

கேட்ட பொருளைக் கவனியுங்கள். மக்களாட்சிக்குத் திரும்பு என்று கேட்கவில்லை. அதற்கு எந்தத் தளபதியும் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு வருடக்கணக்கில் இழுப்பார். கேட்டது தேதி போட்டு நடந்ததா இல்லையா என்று சரிபார்க்கக்கூடிய ஒரு காரியம். விடேலா அணிக்கும் இதில் ஒரு கணக்கு இருந்தது. கொலைகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன, இப்போது வந்தால் பெரிதாக எதையும் பார்க்க மாட்டார்கள், ஒரு நற்சான்றிதழ் கிடைக்கும் என்று நினைத்தார்கள். அது தப்புக் கணக்காகப் போனது.

இரண்டு வாரம்

வருகைக்கு முன் ஒரு வருடம் கிடைத்தது, அதை ஆட்சி நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. எஸ்மாவின் அடித்தளத்துக்குப் போகும் படிக்கட்டை எடுத்துவிட்டு அமைப்பையே மாற்றினார்கள், ஏனென்றால் தப்பியவர்கள் அதை விவரித்து வெளிநாட்டில் சாட்சி சொல்லியிருந்தார்கள். அங்கே மிச்சமிருந்த கைதிகளைத் தீக்ரே ஆற்றுக் கழிமுகத்தில் இருந்த ஒரு தீவுக்குக் கடத்தினார்கள். திருச்சபை சார்ந்தவர்களிடமிருந்து வாங்கிய அந்த இடத்தின் பத்திரத்தை எழுதியது ஒரு கைதியின் பெயரில்! ஆகஸ்டில் மனித உரிமை அமைப்புகளின் அலுவலகங்களில் சோதனை போட்டு ஆவணங்களை அள்ளிப் போனார்கள். அர்ஜென்டினர்கள் நேர்மையானவர்கள், மனிதத்தன்மை உள்ளவர்கள் என்று வில்லைகள் அச்சடித்துக் கார்களில் ஒட்டினார்கள்.

ஆந்த்ரேஸ் அகிலார் என்ற வெனிசுலாச் சட்ட அறிஞரின் தலைமையில் ஆணையம் 1979 செப்டம்பர் 6 அன்று வந்து இறங்கியது. அவெனிடா டி மாயோ 760ஆம் எண் கட்டடத்தில் புகார் வாங்க உட்கார்ந்தார்கள். வரிசை தெருவைச் சுற்றி வளைந்தது. மூன்று வருடமாக, உன் மகன் என்று ஒருவன் இருந்தானா என்று அதிகாரிகள் கேட்ட அம்மாக்கள், போட்டோவும் கையுமாகப் பட்டப்பகலில், உளவாளிகள் பார்க்கப் பார்க்க, நடுத்தெருவில் நின்றார்கள். செப்டம்பர் 7 அன்று டோக்கியோவில் நடந்த இளைஞர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மரடோனாவின் அணி சோவியத்தை 3–1 என்று வென்றது. ஒரு பிரபல வானொலி வர்ணனையாளர், தெருவுக்கு வாருங்கள், அர்ஜென்டினாவின் உண்மை முகத்தை இந்த ஆணையத்துக்குக் காட்டுங்கள் என்று ரசிகர்களைக் கிளப்பிவிட்டார். கொடியும் கொட்டுமாக வந்த கூட்டம் அந்த வரிசையை உரசிக்கொண்டு போனது. வரிசை கலையவில்லை.

5,580 புகார்கள் பதிவாயின. அவற்றில் 4,153 புதியவை. ஆணையம் சிறைகளுக்குப் போனது, எஸ்மாவுக்கும் போனது, கோர்டோபா, துக்குமான் போன்ற ஊர்களுக்கும் போனது. அவர்கள் ஊரில் இருந்த அதே செப்டம்பரில் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: குறிப்பிட்ட காலத்தில் காணாமல் போனவரை இறந்தவராகக் கருதலாம், குடும்பம் கேட்காவிட்டாலும் அரசே அதற்கு மனுப் போடலாம். அன்னையர் அதைத் திட்டவட்டமாக எதிர்த்தார்கள். கொன்றவன் கையால் மரணச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1980 ஏப்ரலில் வெளியான அறிக்கை சுற்றி வளைக்கவில்லை. காணாமல் போனவர்களில் பெரும்பாலோர் அரசின் ஆட்களால் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று கருதவே இடமுண்டு, பொறுப்பானவர்களை விசாரித்துத் தண்டியுங்கள் என்றது. அர்ஜென்டினாவுக்குள் அதைத் தடுத்தார்கள். பிரதிகள் ரகசியமாக வந்து கைமாறின. அந்த வருட இறுதியில், ஆணையத்தின் தாய் அமைப்பான அமெரிக்க நாடுகள் அமைப்பின் பொதுக்குழுவில், விலகிவிடுவேன் என்று அர்ஜென்டினா மிரட்டியதும் தீர்மானத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அறிக்கை எழுதிய சட்டத்தரணிகளின் துணிச்சல் வாக்களித்த அரசுகளிடம் இல்லை.

ஜெனிவாவில் பிறந்தது, கிளிநொச்சி வரை வந்தது

ஐ.நா. மனித உரிமை ஆணையம் கூடிய ஜெனிவாவில் அர்ஜென்டினாத் தூதர் கப்ரியேல் மார்ட்டினெஸ் தன் நாட்டின் பெயர் எந்தத் தீர்மானத்திலும் வராமல் பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரர். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். எந்த நாட்டின் பெயரையும் சொல்ல வேண்டாம், உலகெங்கும் நடக்கும் காணாமல் ஆக்குதலைப் பார்க்க ஒரு குழு அமைக்கலாம் என்று 1980 பிப்ரவரி 29 அன்று வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் குறித்த ஐ.நா. பணிக்குழு உருவானது. ஒரு நாட்டை விட்டு ஒரு குற்றத்தையே கவனிக்க ஐ.நா. அமைத்த முதல் ஏற்பாடு அது. அர்ஜென்டினாவைத் தப்பவைக்க விட்ட இடைவெளியே அந்தக் குழுவுக்கு உலகம் முழுக்கக் கைநீட்டும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது.

அந்தக் குழுவின் பதிவேட்டில் மிக அதிக வழக்குகள் உள்ள நாடுகளில் ஒன்று இலங்கை. தெற்கில் 1980களின் இறுதியில் தூக்கிப் போகப்பட்ட சிங்கள இளைஞர்களும், வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்ட தமிழர்களும் அதில் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகையில் போட்டோவோடு உட்கார்ந்த அம்மாக்கள், மரணச் சான்றிதழும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்றபோது, புவனஸ் அயர்ஸ் அன்னையர் 1979இல் சொன்ன அதே பதிலைத்தான் சொன்னார்கள். அங்கே கிடைத்ததில் பாதி அழுத்தம்கூட இவர்களுக்காக எந்த வல்லரசும் கொடுக்கவில்லை.

என்ன மாறியது

வருகைக்குப் பிறகு புதிதாகக் காணாமல் ஆக்கப்படுதல் வெகுவாகக் குறைந்தது. பத்திரிகை ஆசிரியர் ஹகோபோ டிமர்மான் அந்த செப்டம்பரிலேயே விடுவிக்கப்பட்டு, குடியுரிமை பறிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ஆனால் கொலை நின்றதற்கு முழுப் புகழையும் ஆணையத்துக்கு எழுதிவைப்பது சரியில்லை. கொல்ல நினைத்தவர்களில் பெரும்பாலோரை அதற்குள் கொன்று முடித்திருந்தார்கள். 1977இல் நடந்திருக்க வேண்டிய பேரம் 1978இல் நடந்தது, 1979இல் பலன் தந்தது. அந்தத் தாமதத்தின் விலை மனித உயிர்கள்.

அமெரிக்காவின் உறுதியும் நீடிக்கவில்லை. 1981இல் ரேகன் வந்ததும் உறவு மறுபடி கனிந்தது. மார்ச்சில், விடேலாவுக்கு அடுத்து அதிபராகவிருந்த ஜெனரல் வியோலாவுக்கு வாஷிங்டனில் வரவேற்பு, டிசம்பரில் ராணுவத் தடையை நீக்க வழி. மத்திய அமெரிக்காவில் நிகராகுவாவின் இடதுசாரி அரசை எதிர்த்த கோன்ட்ரா படைகளுக்குப் பயிற்சி கொடுக்க அர்ஜென்டினா ராணுவம் உதவியது. கடைசியில் ஆட்சியைச் சாய்த்தது எந்த வெளிநாட்டுக் கொள்கையும் இல்லை; பொருளாதாரச் சரிவும் 1982இல் பிரிட்டனோடு நடந்த ஃபாக்லாந்து போர்த் தோல்வியும்தான்.

அப்படியென்றால் ஹாரிஸின் அட்டைகளும் ஆணையத்தின் வரிசையும் வீணா? 1983 டிசம்பரில், மக்கள் தேர்ந்தெடுத்த அதிபராகப் பதவியேற்ற ரவுல் அல்ஃபோன்சின் விசாரணைக் குழு அமைத்தபோது, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வியே எழவில்லை. பெயர்களும் தேதிகளும் முகாம்களும் சாட்சிகளும் ஏற்கெனவே எழுத்தில் இருந்தன. 1985 ஏப்ரலில் முப்படைத் தளபதிகள் மீதான வழக்கு தொடங்கி டிசம்பரில் தீர்ப்பு வந்தது. விடேலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் தண்டனை. நடுவில் மன்னிப்பு வந்தது, அதுவும் பின்னர் செல்லாது என்றானது. 2000களில் வழக்குகள் மறுபடி திறந்தன. 2005இல் லியோனி டூக்கே, அசுசேனா விலாஃப்ளோர் ஆகியோரின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. அஸ்திஸ் 2011இல் சொந்த நாட்டிலேயே ஆயுள் தண்டனை பெற்றான். விடேலா 2013 மே மாதம் சிறையில் இறந்தார். அமெரிக்கா தன் உளவு அமைப்புகளின் கோப்புகளையும் சேர்த்து 2019இல் கடைசித் தொகுதியை அர்ஜென்டினாவிடம் கொடுத்தது.